பழைய வீடும் புதிய விதியும்

(சித்தன்னவாசலிற் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், தமிழ்ப் பண்டிதராகிய நம் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

தமிழ் கற்பிக்கும் வாத்தியாராகிய யான் கட்டடச் சட்டத்தைப் பற்றியும் கழிவுநீர்க் குழாயைப் பற்றியும் பேச எழுந்தது உங்களிற் சிலர்க்கு வியப்பாக இருத்தல் கூடும். வக்கீலோ இன்ஜினீயரோ பேசவேண்டிய விஷயத்தைப் பண்டிதர் பேசுவானேன் என்று வினவுவோர்க்கு என் விடை இதுவே: வீட்டைப் புதுப்பிக்க எண்ணுவோர் இக்காலத்து விதிகளில் அகப்பட்டு அல்லலுறுவதற்கு முதற்காரணம், சில சொற்களின் பொருள் வேறுபாட்டை அறியாமையே. சொல்லுக்குப் பொருள் கூறுதல் எம் போன்றோரின் தொழில். ஆதலின், காரியதரிசி அவர்கள் இட்ட கட்டளையை மறுக்காது ஏற்றுக்கொண்டேன்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். கட்டுவதினும் கட்டியதைப் புதுப்பிப்பது கடினம் என்பதைக் கைவைத்தோர் அறிவர். நம் பாட்டனார் காலத்தில் நாட்டோடு வேய்ந்து எடுத்த வீடுகளில் இன்று கைமரம் செல்லரித்திருக்கின்றது; மண்சுவர் வெடித்திருக்கின்றது; ஐப்பசி மழை பிறந்தால் உள்ளே பாத்திரம் வைத்து நீர் பிடிக்கவேண்டியிருக்கின்றது. 2019-ஆம் ஆண்டு தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ், நாட்டிலுள்ள ஒவ்வொரு கிராம வீட்டிற்கும் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குழாய்நீர் தருவதென்று அரசினர் முடிவு செய்தனர். நீர் உள்ளே வந்தால், அது வெளியேற வழி வேண்டாமோ? குளிப்பறையும் கழிப்பிடமும் வீட்டோடு அமையவேண்டும் என்று நம் பெண்மக்கள் கேட்பதும் முழு நியாயமே. ஆகவே, வீட்டில் கைவைக்காத குடும்பம் இனி இராது என்றே சொல்லலாம்.

இந்நிலையில், பழஞ்சின்னங்களின் அருகே வாழும் நம்மவர்க்கு ஒரு தனிக் கவலை உண்டு. இவ்வூர் மலையைப் பாருங்கள். அறிவர் கோயிலும், அதன் விதானத்துத் தாமரைத் தடாக ஓவியமும், மலைமேல் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளும் உலகம் வந்து காணும் செல்வங்கள். இவை மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. நார்த்தாமலையிலும், கொடும்பாளூர் மூவர்கோயிலைச் சுற்றியும், திருமயம் கோட்டையின் நிழலிலும் வாழும் நம்மவர்க்கும் யான் இன்று சொல்வன பொருந்தும்.

முதலில் இவ்விதி வந்த வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடுகின்றேன். பழஞ்சின்னங்களைக் காக்கும் மத்தியச் சட்டம் 1958-ஆம் ஆண்டிலே இயற்றப்பட்டது. 1992-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் நாள் அரசினர் ஓர் அறிவிக்கை வெளியிட்டு, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பரப்பு என்றும், அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பரப்பு என்றும் வகுத்தனர். இந்த 1992 ஜூன் 16 என்ற நாளை மறவாது உள்ளத்திற் பதித்துக்கொள்ளுங்கள். பின்னர் அதனை மீண்டும் எடுப்பேன். தடைசெய்யப்பட்ட பரப்பிலும் சிற்சிலர்க்குத் தொல்லியல் துறையினர் அனுமதி வழங்கி வந்தனர். அங்ஙனம் வழங்குதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று டில்லி உயர்நீதிமன்றம் 2009-ஆம் ஆண்டில் தீர்ப்புக் கூறிற்று. அதன் விளைவாக 2010-ஆம் ஆண்டில் பழைய சட்டம் திருத்தப்பட்டு, முன்னர் அறிவிக்கையாக இருந்த எல்லைகள் சட்டத்தின் உள்ளேயே ஏறின. தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையம் என்ற அமைப்பும் அச்சட்டத்தாலேயே தோன்றியது. முன்பு நெகிழ்ந்திருந்த கதவு அன்று தாழிடப்பட்டது என்க.

இனி, யான் பேச வந்த சொற்களுக்கு வருகின்றேன். சட்டம் மூன்று சொற்களை வேறு வேறாகப் பிரிக்கின்றது. அவற்றைத் தமிழில் கட்டுதல், மீளக் கட்டுதல், செப்பனிடுதல் என்று வைத்துக்கொள்வோம்.

கட்டுதல் என்பது புதியதொரு கட்டடத்தை எழுப்புவது மட்டுமன்று. இருக்கும் வீட்டின்மேல் ஒரு மாடி எடுப்பினும், பக்கத்தில் ஓர் அறை கூட்டினும் அதுவும் கட்டுதலே. மீளக் கட்டுதல் என்பது, இருந்த கட்டடம் எவ்வளவு நீளமும் அகலமும் உயரமும் உடையதாக இருந்ததோ அவ்வளவிலேயே, ஓர் அடியும் மிகாமல் திரும்ப எழுப்புதல். செப்பனிடுதல் என்பது நிற்கின்ற வீட்டில் மாற்றங்கள் செய்தல். முன்சொன்ன இரண்டும் இதில் அடங்கா.

இம்மூன்றின் வேறுபாட்டை அறிய நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. அறிவர் கோயிலிலே ஒரு கல்வெட்டு இருக்கின்றது. கி.பி. 9-ஆம் நூற்றாண்டில், அவனிபசேகரன் என்னும் பெயர் பூண்ட ஸ்ரீவல்லப பாண்டியன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பார் இக்கோயிலின் அகமண்டபத்தைப் புதுக்கி, முன்னே முகமண்டபமும் எடுத்தார் என்ற செய்தி அதிற் காணப்படுகின்றது. அகமண்டபத்தைப் புதுக்கியது செப்பனிடுதல்; முகமண்டபம் எடுத்தது கட்டுதல். ஒரே பெரியார், ஒரே காலத்திற் செய்த இரு திருப்பணிகளையும் அக்கல்வெட்டு ஒன்றாகக் குழப்பாமல் தனித்தனியே குறித்து வைத்தது. இன்று முன்னே நிற்கும் தூண்வரிசையோ, சென்ற நூற்றாண்டில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தார் குடுமியான்மலையிலிருந்து தூண்கள் கொணர்ந்து நிறுத்தியது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இம்மலையில் வேலை செய்த ஆசிரியர் ஒருவர் எது பழையது, எது தாம் சேர்த்தது என்று கல்லிலே எழுதிவைத்தார் எனின், காகிதமும் நிழற்படமும் மலிந்த இக்காலத்தில் நாம் எழுதிவைக்கலாகாதோ?

இப்பொழுது எல்லைகளைக் கவனியுங்கள். 100 மீட்டர் என்பது ஏறக்குறைய 328 அடி. இதனைக் குகையின் வாயிலிலிருந்து அளப்பது பிழை. பாதுகாக்கப்பட்ட பரப்பு எங்கே முடிகின்றதோ, அந்த ஓரத்திலிருந்து எல்லாத் திசையிலும் அளத்தல் வேண்டும். எனவே, மலையுச்சி தொலைவில் தெரிகின்றதே என்று கண்ணளவை நம்பி இருந்துவிடுதல் தகாது. நில அளவைப் படத்தைக் கொண்டு தீர்மானிப்பதே முறை. வேண்டுமாயின் இவ்வெல்லையை 100 மீட்டருக்கு மேலும் நீட்டிக்க அரசினர்க்கு அதிகாரம் உண்டு.

தடைசெய்யப்பட்ட 100 மீட்டருக்குள் கட்டுதல் அறவே கூடாது. மாடியும் கூடாது, புதிய அறையும் கூடாது. செப்பனிடுதல் மட்டும் கூடும். அதுவும் அனுமதி பெற்ற பின்னரே. அதிலும், அவ்வீடு 1992 ஜூன் 16-க்கு முன்னரே இருந்ததாகவோ, அதன் பின் முறையான ஒப்புதல் பெற்றுக் கட்டியதாகவோ இருத்தல் வேண்டும். அடுத்த 200 மீட்டருக்குள், அதாவது ஓரத்திலிருந்து சுமார் 984 அடி வரை, கட்டுதல், மீளக் கட்டுதல், செப்பனிடுதல் ஆகிய மூன்றிற்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் மூன்றிற்கும் அனுமதி இன்றியமையாதது.

இங்கேதான், பெரியோர்களே, நம்மவர் வீழக்கூடிய பள்ளம் இருக்கின்றது. ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அது தடைசெய்யப்பட்ட பரப்பில் உள்ள ஓட்டு வீடு. வீட்டுக்காரர் ஓட்டை மாற்றவும் இரண்டு சுவரைப் பூசவும் நினைக்கின்றார். கொத்தனார் வந்து பார்த்து, இந்த மண்சுவர் தாங்காது, இடித்துவிட்டுச் செங்கல் வைத்தால் இன்னும் ஐம்பது ஆண்டுக்குக் கவலையில்லை என்று நல்லெண்ணத்தோடே சொல்கின்றார். நல்ல நாள் பார்த்து இடிக்கின்றார்கள். சுவர் நின்றிருந்தவரை அவர் கேட்கக்கூடியது செப்பனிடுதல். சட்டம் அதற்கு வழி வைத்திருந்தது. சுவர் விழுந்த அன்று அது மீளக் கட்டுதல் ஆயிற்று. தடைசெய்யப்பட்ட பரப்பில் மீளக் கட்டுதற்கு விண்ணப்பிக்கச் சட்டம் வழிகாட்டவில்லை. காலையில் வீடுடையவராக இருந்தவர், மாலையில் கட்டக்கூடாத மனையுடையவர் ஆகிவிட்டார். கடப்பாரையின் ஒரு வீச்சில் ஒரு குடும்பத்தின் உறையுள் போய்விடும் என்பதை எண்ணிப்பாருங்கள். மீறிக் கட்டினாலோ, இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. கட்டியதை அகற்றும் ஆணையும் வரலாம்.

ஆதலின் யான் வற்புறுத்திச் சொல்லும் ஒரே வாக்கியம் இது: அனுமதி கைக்கு வருமுன் எதனையும் இடிக்காதீர்கள். இந்த ஒன்றை நீங்கள் வீட்டிற்குக் கொண்டுசென்றால், இச்சொற்பொழிவின் பயன் நிறைவேறியதாகும்.

அனுமதி பெறும் முறை அஞ்சத்தக்கதன்று. விண்ணப்பத்தை அதற்கென அமைந்த தகுதியுடைய அதிகாரிக்குச் செலுத்தவேண்டும். இக்காலத்தில் இணையத்தின் வாயிலாகவே செலுத்தலாம். அவர் 15 நாளுக்குள் அதனைத் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்திற்கு அனுப்புதல் வேண்டும். ஆணையத்தார் இரண்டு மாதத்திற்குள் தம் கருத்தைத் தெரிவிப்பர். அதன்பின் ஒரு மாதத்திற்குள் அதிகாரி அனுமதி தருவார், அல்லது மறுப்பார். மறுப்பதாயின், விண்ணப்பித்தவர் சொல்வதைக் கேட்டு, காரணத்தை எழுத்தில் தரவேண்டும். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய மூன்றரை மாதம். தை பிறந்தவுடன் விண்ணப்பம் போட்டால் சித்திரையில் விடையை எதிர்பார்க்கலாம். ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்றி முடிக்கலாம். ஆவணியில் விழித்துக்கொண்டு அலைவோர்க்கு அனுமதிக்கு முன் மழைதான் வரும்.

விண்ணப்பத்தோடு வைத்தற்குரிய சான்றுகளை இன்றே தேடிவையுங்கள். வீடு 1992-க்கு முற்பட்டது என்று காட்டுதற்குப் பழைய கிரயப் பத்திரம், வீட்டுவரி ரசீது, மின்னிணைப்பு ஆவணம், கல்யாண காலத்திலே வாசலில் நின்று எடுத்த நிழற்படம் ஆகிய எதுவும் உதவும். பட்டா பாட்டனார் பெயரிலேயே கிடப்பின் அதனை மாற்றிக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பியர் பாகம் பிரியாமல் ஒருவரையொருவர் கடிந்துகொண்டிருக்கும் வீட்டிற்கு விண்ணப்பத்தில் யார் கையொப்பமிடுவது? கணவரை இழந்து தனியே வாழும் நம் சகோதரியர் பலர் இக்காரணம் பற்றியே ஒழுகும் கூரையின்கீழ் இருக்கின்றனர். விதியின் கடுமை பாதி. நம் குடும்பப் பிணக்கின் கடுமை பாதி.

300 மீட்டருக்கு வெளியே வாழ்வோர்க்கு இம்மத்தியச் சட்டத்தின் கட்டில்லை. மாநில விதிகளே உண்டு. பஞ்சாயத்துக்கும் நகராட்சிக்கும் வேறு வேறாக இருந்த கட்டட விதிகளை ஒருங்குசேர்த்து, தமிழ்நாட்டு அரசினர் 2019-ஆம் ஆண்டில் ஒருங்கிணைந்த விதிகளாக வெளியிட்டனர். வெள்ளையடித்தல், வர்ணம் பூசுதல், பூச்சு வேலை, தரை மாற்றுதல் போன்ற சிறு பணிகளுக்கு அவ்விதிகளின்படி அனுமதி வேண்டுவதில்லை. 2024-ஆம் ஆண்டு ஜூலையில் சுயசான்று முறையும் வந்தது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், தரைத்தளம் அல்லது அதனோடு ஒரு மாடியாக, 3,500 சதுர அடிக்கு மேற்படாது குடியிருப்பு வீடு கட்டுவோர் இணையத்தில் தாமே சான்றளித்து அனுமதி பெறலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சுயசான்று என்ற சொல்லின் பொருளையும் உணர்க. யான் எழுதியது மெய் என்று கையொப்பமிடுபவர் நாமே. பிழையாயின் பொறுப்பும் நம்முடையதே. மேலும், மாநிலத்தார் தரும் இச்சான்று மத்தியச் சட்டத்தின் எல்லைக்குள் இருக்கும் வீட்டிற்கு விலக்களிக்காது. சென்னையில் பெற்ற சீட்டு இருக்கின்றதே என்று சின்னத்தின் அருகே வாணம் தோண்டுதல் ஆகாது.

வாணம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகின்றது. சித்தன்னவாசலைச் சுற்றிய நிலத்தில் பெருங்கற்காலத்து மக்களின் கல்வட்டங்களும் புதைகுழிகளும் நிறைந்துள்ளன. தோண்டும்போது மண்ணுள் புதைந்த பழம்பொருள் ஏதேனும் தென்பட்டால், வேலையை நிறுத்திவிட்டுக் கலெக்டருக்குத் தெரிவியுங்கள். 10 ரூபாய்க்கு மேற்பட்ட எப்புதையலையும் மறைத்தலாகாது என்பது 1878-ஆம் ஆண்டிலிருந்து இருந்துவரும் சட்டம்.

இனி நீரும் கழிவும். மழைநீர் சேகரிப்பு அமைப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்று 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் விதிக்கப்பட்டது. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத புதுக்கோட்டைச் சீமையில், ஏரியும் ஊருணியும் வெட்டி வாழ்ந்த நமக்கு இதனை ஒருவர் வந்து சொல்லவேண்டுவதில்லை. நம் பழைய வீட்டு முற்றம் கூரைநீர் முழுவதையும் ஓரிடத்திற் கூட்டித் தந்தது. புதுப்பிக்கும்போது அம்முற்றத்தைக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டு, பின்னர் மழைநீருக்கென்று வாசலில் பேருக்கு ஒரு குழாயை நடுவது என்ன அறிவுடைமை? முற்றத்து நீரைக் கூழாங்கல்லும் மணலும் இட்ட குழியின் வழியாக நிலத்துள் இறக்குங்கள். அக்குழிக்கு அருகே கழிவுநீர்க் குழி வரலாகாது. குடிநீர்க் கிணற்றிற்கும் கழிவுக் குழிக்கும் இடையே 10 மீட்டரேனும் விட்டுவைத்தல் நலம்.

சட்டம் கூறும் கட்டுதல் என்ற சொல்லில் வடிகால் அமைத்தலும், பொதுமக்களுக்கான நீர் வழங்கலும், பொதுக் கழிப்பிடமும் அடங்கமாட்டா என்று விலக்கு இருக்கின்றது. தெருவுக்கு வடிகால் கேட்கும் உரிமை இதனாற் குறையவில்லை. ஆனால் நம் வீட்டிற்குள் புதிதாக எழுப்பும் கழிப்பறை அவ்விலக்கில் வந்துவிடும் என்று நாமாக முடிவு செய்துகொள்ளாமல், செப்பனிடும் விண்ணப்பத்திலேயே அதனையும், அதற்குரிய குழியையும் வரைந்து காட்டுவதே பாதுகாப்பு.

கழிவுத்தொட்டியைப் பற்றிச் சற்று வெளிப்படையாகவே பேசவேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம், மனிதர் கையால் அள்ளும் பழைய எடுப்புக் கழிப்பிடங்களை இடிக்கவோ மாற்றவோ வேண்டும் என்கின்றது. தக்க பாதுகாப்பின்றி ஒருவரைக் கழிவுத்தொட்டியைத் துப்புரவு செய்ய ஏவுவதும் அச்சட்டத்தின்படி குற்றம். முதன்முறைக்கே இரண்டாண்டுச் சிறையும் இரண்டு லட்சம் ரூபாய் அபராதமும் வரை தண்டனை உண்டு. ஏவியவர் வீட்டுக்காரராயினும் தப்ப முடியாது. தொட்டியுள் தேங்கும் நச்சுவாயு மூடியைத் திறந்தவுடன் வெளியேறிவிடுவதில்லை. இறங்கியவர் மயங்க, அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்க, இருவரையும் பிணமாக எடுத்த செய்திகளை நாளிதழ்களிற் காண்கின்றோம். இறங்குபவர் எக்குலத்தவராயினும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. நம் குலத்தின் மேன்மைக்கென்று கூடிய இச்சங்கத்தில் இதனைச் சொல்லாமல் வேறெங்குச் சொல்வது? நம் வீட்டுக் கழிவில் பிறர் ஒருவரை இறக்கி நாம் தூய்மை அடைதல் மேன்மை ஆகாது. ஆதலின், தொட்டி கட்டும்போதே உறிஞ்சும் லாரியின் குழாய் தெருவிலிருந்து எட்டுமிடத்தில் மூடியை அமையுங்கள். இடம் இருப்பின் இரட்டைக்குழி முறை இன்னும் நன்று: ஒரு குழி நிரம்பியதும் மற்றதற்குத் திருப்பிவிட்டு, நிரம்பியதை ஓராண்டுக்கு மேல் மூடிவைத்தால் உள்ளிருப்பது உரமாகிவிடும்.

இவ்வளவும் கேட்ட ஒருவர், கல்லுக்குள்ள மதிப்பு மனிதனுக்கு இல்லையா, அப்பன் மனையில் பிள்ளைக்கு ஓர் அறை எடுக்கவும் உரிமையில்லையா என்று கேட்கலாம். அக்கேள்வி நேர்மையானது, அதனைப் புறக்கணிக்க யான் விரும்பவில்லை. மகனுக்கு மணம் முடித்தும் அறை கூட்ட வழியற்றோர் துன்பம் மெய்யான துன்பம். ஆயினும் ஓவியத்தின் நிலையையும் நினைக்கவேண்டும். சுண்ணப்பூச்சின்மேல் தீட்டிய அத்தாமரைகளிற் பெரும்பகுதி முன்னரே உதிர்ந்துவிட்டது. எஞ்சியது அதிர்ச்சியாலும் ஈரத்தாலும் உதிர்ந்தால் அதனைத் திரும்பத் தீட்ட எவராலும் இயலாது. வீட்டை வேறிடத்தில் எடுக்கலாம். மலையை எடுக்க முடியுமோ?

குறையைத் தீர்த்துக்கொள்ளவும் சட்டத்தினுள்ளேயே வழி உண்டு. ஒவ்வொரு சின்னத்திற்கும் அதனதன் நிலைக்கேற்பத் தனித் துணைவிதிகள் வகுக்கவேண்டும் என்று 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகின்றது. அவற்றின் வரைவு வெளியாகும்போது பொதுமக்கள் கருத்துக் கூறலாம். எவ்வளவு உயரம், எவ்வகைக் கூரை, எந்தப் பக்கம் என்பவற்றைப் பற்றி இவ்வூரார் எழுத்தில் சொல்லக்கூடிய தருணம் அதுவே. அந்நாளில் வாய்மூடி இருந்துவிட்டு, பின்னர் இரவோடிரவாகச் சுவர் எழுப்புவதால் ஆவது ஒன்றுமில்லை.

முடிவாக, நம் சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன். முதலாவது, பழஞ்சின்னங்களின் அருகேயுள்ள நம்மவர் வீடுகள் ஒவ்வொன்றின் நீளம், அகலம், உயரம், கட்டிய காலம் ஆகியவற்றை நிழற்படத்தோடு ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கவேண்டும். இளங்கௌதமனார் கல்லிற் செய்ததை நாம் காகிதத்திற் செய்வோம். இரண்டாவது, இணையம் அறிந்த நம் இளைஞர் இருவர் மூவர் விண்ணப்பம் எழுதும் முறையைக் கற்று, முதியோர்க்கும் கைம்பெண்களுக்கும் கூலியின்றி உதவவேண்டும். மூன்றாவது, நம் பகுதிக் கொத்தனார்களையும் குழாய் வேலை செய்வோரையும் ஒருநாள் இங்கே அழைத்து, செப்பனிடுதற்கும் மீளக் கட்டுதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்களோடு பேசவேண்டும். கடப்பாரை அவர்கள் கையில் அன்றோ இருக்கின்றது?

 நம் வீடுகளில் ஒழுகாத கூரையும் தூய நீரும் நிலைபெறுக! நம் மலையும் அதன் தாமரைகளும் நெடிது வாழ்க! சங்கம் ஓங்குக!